பட்டறைப் பதில்: ஆடும் கியர் லீவர்

கேள்வி: ஐயா, தோட்டத்துக் கிராணி ஒருவரிடம் அப்பா வாங்கிய மெர்சிடிஸ் 200 (டபிள்யூ 123, நாலு கியர் மேனுவல்) இன்னும் ஓடுகிறது. ஆனால் கியர் லீவர் கஞ்சிச் சட்டியில் விட்ட அகப்பை மாதிரி ஆடுகிறது. மூன்றாவது கியரைத் தேடினால் முதல் கியர் விழுகிறது. கியர்பாக்ஸை இறக்க வேண்டும் என்கிறார்கள். வீட்டில் ஏதும் செய்ய முடியுமா?
- வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: இறக்கச் சம்மதிக்காதீர்கள், தம்பி. முதலில் இஞ்சினை அணைத்துவிட்டுக் கியரைப் போட்டுப் பாருங்கள். அணைந்திருக்கும்போது சுகமாக விழுந்து, ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் கோளாறு கிளட்சில். இரண்டு நேரமும் தொளதொளவென்று ஆடினால் புஷ்தான், அதாவது கியர்க் கம்பிகளின் மூட்டில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் வளையம்.

உங்கள் காடியில் லீவருக்கு அடியிலிருந்து மூன்று கம்பிகள் கியர்பாக்ஸின் பக்கவாட்டுக்குப் போகும். முதல் இரண்டு கியருக்கு ஒன்று, மூன்று நான்குக்கு ஒன்று, ரிவர்ஸுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் இரு முனையிலும் பிளாஸ்டிக் புஷ், ஆக ஆறு. செம்மண் புழுதியும் இஞ்சின் சூடும் இத்தனை வருஷம் தின்றதில் பாதி உதிர்ந்தே போயிருக்கும். யாரையாவது உள்ளே உட்காரவைத்து லீவரை ஆட்டச் சொல்லுங்கள். லீவர் நகர்ந்தும் கம்பி அசையாமல் கொஞ்ச நேரம் நின்றால் தீர்ந்தது சந்தேகம்.

இனி வேலை. ஜேக்கை மட்டும் நம்பிக் கீழே போகாதீர்கள், ஸ்டாண்டு இரண்டு வேண்டும். லயத்து வாசல் மழைக்கு இளகிய மண் என்றால் ஸ்டாண்டுக்குக் கீழே கெட்டிப் பலகை. பலர் மறக்கும் விஷயம் ஒன்று: இந்த வேலையைக் கியரை நியூட்ரலில் வைத்துத்தான் செய்ய வேண்டும், அதனால் கியர் காடியைப் பிடித்து நிறுத்தாது. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, பிரேக்கையும் போட்டுவிடுங்கள். சைலன்சர் ஆறட்டும். நான் ஒருமுறை அவசரப்பட்டு முழங்கையைச் சுட்டுக்கொண்டேன்.

கழற்றும் முன் கைப்பேசியில் நாலு படம் எடுங்கள். கிளிப்பைத் துணி விரித்துவிட்டு எடுங்கள், மண்ணில் விழுந்தால் காந்தம் வைத்துத் தேட வேண்டும். கம்பியின் நீளத்தைச் சரிசெய்யும் நட்டில் கை வைக்காதீர்கள்.

புதுப் புஷ் கல் மாதிரி இருக்கும், சுத்தியலால் அடித்தால் விளிம்பு பிளந்துவிடும். சுடுதண்ணீரில் ஐந்து நிமிடம் போட்டு எடுத்து, லேசாகக் கிரீஸ் தடவி, அதன் துளையில் வைத்து, ஊடாக ஒரு போல்ட், இரண்டு வாஷர், சாக்கெட் ஒன்று வைத்து நட்டை மெல்ல இறுக்குங்கள். டொக்கென்று உட்காரும். அந்தச் சத்தம் கேட்கும்வரை விடாதீர்கள்.

மாட்டி முடித்ததும் நியூட்ரலில் லீவருக்குக் கீழே உள்ள மூன்று தகடுகளின் துளைகளும் நேராக வருகின்றனவா என்று டிரில் பிட் ஒன்றை நுழைத்துப் பாருங்கள். நுழையாவிட்டால் மட்டும் கம்பியின் நீளத்துக்கான அந்த நட்டைத் தொடலாம். ஆறையும் ஒரே நாளில் மாற்றுங்கள், சில வெள்ளிதானே. இத்தனைக்கும் பிறகு கியர் தானாகக் கழன்றால், சரி, அப்போது கியர்பாக்ஸைப் பார்க்கலாம்.

கேள்வி: புஷ் கிடைக்கும்வரை சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றிக் கம்பியால் கட்டினால் தாங்காதா?
- வாசகர், கோலகங்சார்

பதில்: தாங்கும். எனக்கு ஒன்பது நாள் தாங்கியது. பத்தாம் நாள் தைப்பூசம், குடும்பத்தோடு ஈப்போ கல்லுமலைக்குப் போனோம். திரும்பும்போது கூட்டத்துக்கு நடுவில் கியர்க் கம்பி கழன்று விழுந்து, கியர் இரண்டிலேயே மாட்டிக்கொண்டது. நியூட்ரல் கிடையாது. நிற்கும் இடமெல்லாம் கிளட்சை மிதித்தபடியே இருக்க வேண்டும், இல்லையென்றால் இஞ்சினை அணைக்க வேண்டும். சுங்கை சிப்புட் வரை ஏறக்குறைய 30 கிலோமீட்டர். பின்னால் வந்த லாரிக்காரர்கள் என் பரம்பரையையே விசாரித்துவிட்டுப் போனார்கள். வீட்டு வாசலில் இறங்கும்போது இடது கால் என்னுடையதாக இல்லை. மனைவி மட்டும் ஒன்றும் சொல்லவில்லை, மறுநாள் காலையில் புஷ் வாங்கக் காசை எடுத்து மேசைமேல் வைத்திருந்தார்.