ஊசி போடும் நேரத்தில் அப்பா எங்கே போகிறார்?

கேள்வி: என் மகளுக்கு 21 வயது. கல்லூரியில் கடைசி வருடம் படிக்கிறாள். நான்கு மாதங்களுக்கு முன்பு உடம்பு இளைத்து, ஓயாத தாகமும் வாந்தியுமாக இருந்து, ஒரு நாள் மயங்கி விழுந்துவிட்டாள். திருச்சியில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தோம். முதல் வகை சர்க்கரை நோய் என்றார்கள். தினமும் நான்கு ஊசி. என் கணவர் எந்தக் குறையும் வைக்கவில்லை. இன்சுலின் பேனா, குளுக்கோமீட்டர் எல்லாம் நல்லதாகப் பார்த்து வாங்கினார். சர்க்கரை அளவை நோட்டில் எழுதி, 200-ஐத் தாண்டினால் சிவப்பு மையில் வட்டமிடுகிறார். (மகள் மேல் உயிர். அவள் ஊசி போடும்போது மட்டும் மனம் தாங்காமல் வாசலுக்குப் போய்விடுவார்.) ஆனால் அவள் கல்லூரியில் மதிய ஊசியைப் போடாமல் விடுகிறாள் என்று இப்போதுதான் தெரிந்தது. கேட்டால் எரிந்து விழுகிறாள். ஜூன் மாதம் கோவையில் வேலைக்குச் சேர வேண்டும். அனுப்பலாமா? சொல்பேச்சு கேட்க வைப்பது எப்படி? நாளைக்குத் திருமணப் பேச்சு வந்தால் என்ன சொல்வது?
– ஒரு தாய், தஞ்சாவூர் மாவட்டம்

பதில்: சகோதரி, உங்கள் மூன்று கேள்விகளுக்கும் பிறகு வருகிறேன். அதற்கு முன்பு, அடைப்புக்குறிக்குள் எழுதிவிட்டுக் கடந்துபோன அந்த ஒரு வரியை நீங்களே இன்னொரு முறை படியுங்கள்.

கல்லூரி நாட்களிலும் மூன்று ஊசியை அவள் வீட்டில்தானே போட்டுக்கொள்கிறாள்? அப்படியானால் அவள் பேனாவைக் கையில் எடுக்கும் ஒவ்வொரு முறையும் அப்பா எழுந்து வெளியே போகிறார். நான்கு மாதமாக இது நடக்கிறது. அந்தப் பெண் இதைக் கவனிக்காமல் இருப்பாள் என்றா நினைக்கிறீர்கள்? பெற்ற தகப்பனாலேயே பார்க்க முடியாத காரியம் ஒன்றைத் தான் செய்துகொண்டிருப்பதாக அவள் நாள்தோறும் தெரிந்துகொள்கிறாள். அப்படிப்பட்டவள் கல்லூரி உணவுக்கூடத்தில் தோழிகள் நடுவே உட்கார்ந்து எப்படி ஊசி போட்டுக்கொள்வாள்? மதிய ஊசியை அவள் விட்டதற்குத் திமிரும் காரணமில்லை, மறதியும் காரணமில்லை. மறைக்க வேண்டிய ஒன்று என்று வீட்டில் கற்றாள், கல்லூரியில் மறைத்தாள்.

இதே கதையைப் பல வீடுகளிலிருந்து கேட்டிருக்கிறேன். அப்பா செலவு செய்வார், அம்மா உடனிருப்பாள். அப்பாவின் மனம் தாங்காது என்பதை வீடே பெருமையாகச் சொல்லும். நீங்களும் அவரைப் பாராட்டித்தான் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் மனம் தாங்குகிறதா என்று அந்த வீட்டில் யாராவது ஒரு நாளாவது கேட்டார்களா? மனம் தாங்காதவருக்கு வாசல் இருக்கிறது. உங்களுக்கு அது இல்லை, அந்தப் பெண்ணுக்கு ஆயுள் முழுவதும் இல்லை. பிள்ளையின் வலியைப் பார்க்க முடியாமல் எழுந்து போவதைப் பாசம் என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். உட்கார்ந்திருப்பது தகப்பனின் கடமை.

இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. ஒரு நாள் நீங்கள் ஊரில் இல்லை என்று வையுங்கள். இரவு இரண்டு மணிக்கு மகளுக்குச் சர்க்கரை 70-க்குக் கீழே இறங்குகிறது. வியர்க்கும், கை நடுங்கும், பேச்சு குழறும். நினைவு இருந்தால் 15 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறவில்லை என்றால் திரும்பவும் கொடுக்க வேண்டும். நினைவு தப்பிவிட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்கவைத்து, மருத்துவர் குளுக்ககான் (சர்க்கரையை ஏற்றும் மருந்து) ஊசி கொடுத்திருந்தால் அதைப் போட்டுவிட்டு 108-ஐ அழைக்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் ஊசியைக் கண்டால் வாசலுக்குப் போகிறவர் என்றால் என்ன ஆகும்?

அடுத்தது அந்த நோட்டு. இந்த நோய் அவள் சாப்பிட்ட இனிப்பால் வந்ததில்லை. உடலின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் செல்களை அழித்துவிட்டது. காய்ச்சல் வந்தால் அளவு ஏறும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலும், தேர்வுக் கவலையிலும், தூக்கம் கெட்டாலும் ஏறும். எல்லாவற்றுக்கும் சிவப்பு வட்டம் என்றால், தேர்வில் தோற்றவளுக்கு மதிப்பெண் பட்டியல் கொடுப்பது போலத்தான். இப்படியே போனால் சீக்கிரம் அவள் பொய் எண்களைச் சொல்லத் தொடங்குவாள். அந்தப் பொய்யை நம்பி மருத்துவர் ஊசியின் அளவை மாற்றுவார். உங்கள் கணவருக்கு எண்ணைப் பார்க்கும் தைரியம் இருக்கிறது, பெண்ணைப் பார்க்கும் தைரியம்தான் வரவில்லை. கோபமாகச் சொல்கிறேன் என்று தோன்றினால், ஆம், கோபம்தான்.

1922 ஜனவரி 11 அன்று கனடாவின் டொரண்டோ நகரில் லியோனார்ட் தாம்சன் என்ற 14 வயதுப் பையனுக்கு முதன்முதலாக இன்சுலின் போட்டார்கள். எலும்பும் தோலுமாகச் சாகக் கிடந்தவன் அவன். அதுவரை யாருக்கும் பலித்திராத மருந்து அது. போட்டுப் பார்க்கலாம் என்று அவனுடைய தகப்பனார் சம்மதித்தார். முதல் ஊசி சரியாக வேலை செய்யவில்லை, போட்ட இடத்தில் சீழ் கட்டியது. ஜனவரி 23 அன்று, இன்னும் சுத்தமாக்கிய மருந்தை மறுபடி போட்டார்கள். பையன் பிழைத்தான். அதற்கு முன்னால் இந்த நோய் வந்த பிள்ளைகளுக்குப் பெரும்பாலும் ஓரிரண்டு வருடம்தான் ஆயுள். உங்கள் கணவர் பார்க்க மறுக்கும் அந்த ஊசிக்காக ஏங்கிச் செத்துப்போன பிள்ளைகள் எத்தனையோ பேர்.

அவர் செய்ய வேண்டியது இதுதான். இன்று இரவு மகளின் பக்கத்தில் உட்கார்ந்து, "எனக்கும் சொல்லிக் கொடும்மா" என்று கேட்கட்டும். இப்போது நான்கு மில்லிமீட்டர் நீளத்திலேயே பேனா ஊசி கிடைக்கிறது. புது ஊசியை மாட்டி, இரண்டு யூனிட் வெளியே விட்டுப் பார்த்து, அளவைத் திருப்பி, அழுத்திய பிறகு பத்து எண்ணும் வரை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். ஒரே இடத்தில் போட்டுக்கொண்டிருந்தால் அங்கே கொழுப்பு திரண்டு மருந்து சரியாக ஏறாது, இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இதெல்லாம் அவளுக்கு நன்றாகவே தெரியும். அவளிடமிருந்து கற்றுக்கொள்வதில் அவருக்கு எந்தக் கௌரவக் குறைவும் இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. நோய் தெரிந்த முதல் சில மாதங்களில், கணையத்தில் மிச்சமிருக்கும் இன்சுலின் செல்கள் கொஞ்சம் வேலை செய்வதால் பலருக்கு ஊசியின் அளவு குறையும். சரியாக அந்த நேரத்தில், கஷாயத்தால்தான் குறைந்தது, ஊசியை நிறுத்திவிடலாம் என்று சொல்ல ஒரு உறவினர் வருவார். அவரை உள்ளே விடாதீர்கள். இன்சுலினை நிறுத்தினால் அவள் மறுபடியும் திருச்சியில் படுத்த அதே நிலைக்குத்தான் போவாள். வாந்தி, காய்ச்சல், சாப்பிட முடியாத நாள் என்று எது வந்தாலும் இன்சுலினை முழுவதும் நிறுத்தக் கூடாது. அளவை மருத்துவரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

இப்போது உங்கள் கேள்விகள். வேலைக்கு அனுப்புங்கள், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. உடன் தங்கும் பெண்ணுக்கும் அலுவலகத்தில் ஒருவருக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டும், பையில் எப்போதும் குளுக்கோஸ் இருக்க வேண்டும். பிரித்த இன்சுலின் அறை வெப்பத்திலேயே ஏறக்குறைய நான்கு வாரம் தாங்கும், ஆனால் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விடக் கூடாது. சொல்பேச்சு கேட்க வைப்பது பற்றிக் கேட்டீர்கள். 21 வயதுப் பெண்ணை எதற்குக் கேட்க வைக்க வேண்டும்? நோய் அவளுடையது, முடிவுகளும் அவளுடையவை. நீங்கள் இருவரும் துணை. திருமணப் பேச்சு வரும்போது, நிச்சயத்துக்கு முன்பே அவள் வாயாலேயே சொல்லட்டும். மறைத்துக் கட்டிக்கொடுத்தால் புகுந்த வீட்டிலும் ஒளிந்துதான் ஊசி போடுவாள். சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்து, மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லித் திட்டமிட்டால் பிள்ளை பெற்றுக்கொள்ளவும் தடையில்லை. அதுவரை அவள் காதில் விழும்படி இந்தக் கவலையை யாரும் பேச வேண்டாம்.

மதிய ஊசி விட்டுப்போனது மருத்துவருக்குத் தெரிந்தாக வேண்டும், அடுத்த முறை மூவருமாகப் போங்கள். நோட்டு அவள் கையில் இருக்கட்டும். மருத்துவர் கேட்பதற்கெல்லாம் அவளே பதில் சொல்லட்டும். உங்கள் கணவர் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கட்டும்.