மார்பக அளவைச் சரிசெய்ய ஆபரேஷன்: சேமிப்பை எடுக்கலாமா, கடன் வாங்கலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. என் மார்பகங்களில் ஒன்று மற்றதைவிட நன்றாகவே சிறியது. பருவ வயதிலிருந்தே இப்படித்தான். சிறிய பக்கத்தில் இம்ப்ளாண்ட் (மார்பகத்துக்குள் வைக்கும் செயற்கைப் பை) வைத்துக்கொள்வதுதான் குறைந்த செலவு என்கிறார்கள். கையில் ஆறு மாதக் குடும்பச் செலவுக்கான பணம் இருக்கிறது. அதை எடுக்கலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: இத்தனை வருடம் மனதுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறீர்கள். இதை வீண்செலவு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ‘குறைந்த செலவு’ என்பதைத்தான் கொஞ்சம் கிளறிப் பார்க்க வேண்டும்.

இம்ப்ளாண்ட் ஆயுளுக்கும் வருவதில்லை. சுற்றியுள்ள திசு இறுகலாம், உறை கிழியலாம். அப்போது மறுபடி ஆபரேஷன். சிலிக்கோன் ஜெல் நிரப்பிய வகை கிழிந்தாலும் வெளியே தெரியாமல் போகலாம். அதனால்தான் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கண்காணிப்பு அமைப்பான எஃப்டிஏ, வைத்த 5–6 ஆண்டுகளில் ஒரு ஸ்கேன், பிறகு 2–3 ஆண்டுக்கு ஒன்று எடுக்கச் சொல்கிறது. 27 வயதில் தொடங்கினால் இது நீண்டகாலச் செலவு.

இன்னொரு வழி, பெரிய பக்கத்தைக் குறைப்பது. அதில் உள்ளே எந்தப் பொருளும் வைப்பதில்லை. பராமரிப்புச் செலவும் பெரும்பாலும் இல்லை. தழும்பு இருக்கும், தாய்ப்பால் கொடுப்பது பாதிக்கப்படலாம். உங்கள் உடல் கொழுப்பையே எடுத்துச் சிறிய பக்கத்தில் செலுத்தும் முறையில் ஒரு பகுதியை உடல் உறிஞ்சிவிடும். இரண்டாவது முறையும் தேவைப்படலாம். பலருக்கு ஒரு பக்கம் மட்டும் செய்தால் போதாது, மறுபக்கத்தைத் தூக்கி நிறுத்தவும் வேண்டியிருக்கும். எனவே மயக்க மருத்துவர், ஆபரேஷன் தியேட்டர் செலவு, பின்னால் திருத்தம் தேவைப்பட்டால் யார் பணம் கட்டுவது, எல்லாவற்றையும் எழுத்தில் வாங்குங்கள். சம்பளமில்லா விடுப்பையும் கணக்கில் சேருங்கள்.

தோற்றத்துக்கான சிகிச்சை என்றால் காப்பீடு பெரும்பாலும் கைவிரித்துவிடும். மார்புத் தசையே பிறவியில் வளராத போலண்ட் சிண்ட்ரோம் போன்ற காரணம் இருந்தால் நிலைமை மாறலாம். மருத்துவரின் குறிப்போடு முன்கூட்டியே கேளுங்கள்.

என் பதில்: அவசரப் பணத்தைத் தொடாதீர்கள், கடனும் வேண்டாம். தனிக் கணக்கு ஒன்றில் மாதாமாதம் சேருங்கள். ஓரிரு வருடத்தில் குழந்தை பெறும் எண்ணம் இருந்தால் அதற்குப் பிறகு செய்யுங்கள். கர்ப்பமும் எடை மாற்றமும் அளவை மறுபடி மாற்றிவிடும், கட்டிய பணம் வீணாகலாம். அதுவரை பிராவுக்குள் வைக்கும் பேட் கைகொடுக்கும்.

அப்புறம், இந்த வித்தியாசம் அண்மையில் இன்னும் கூடியிருந்தால் பணக் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு உடனே மருத்துவரைப் பாருங்கள்.