டிவிக்குப் பின்னால் படத்தோடு மாறும் வெளிச்சம்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: 55 அங்குல டிவியின் பின்புறம், திரையில் ஓடும் படத்தின் நிறத்துக்கு ஏற்ப மாறும் விளக்கை நானே அமைக்க விரும்புகிறேன். என்னென்ன வாங்க வேண்டும்?

பதில்: முதலில் ஒன்றைப் பாருங்கள். படம் ஓடுவது டிவிக்குள் இருக்கும் ஆப்பிலா, எச்டிஎம்ஐ கேபிளில் இணைத்த பெட்டியிலா? இந்த அமைப்பு அந்தக் கேபிளில் வரும் படத்தைத்தான் படிக்கும். டிவியின் சொந்த ஆப்பில் ஓடும் படம் கேபிள் பக்கமே வராது. அதனால் ஸ்ட்ரீமிங் பெட்டி இல்லாதவர்கள் எல்இடி பட்டை வாங்கி ஒட்டிவிட்டு ஏமாந்து போகிறார்கள்.

பெட்டியிலிருந்து வரும் சிக்னலை எச்டிஎம்ஐ ஸ்ப்ளிட்டர் இரண்டாக்கும். ஒன்று டிவிக்கு, மற்றொன்று, வீடியோவைக் கணினி படிக்கும்படி மாற்றும் யுஎஸ்பி கேப்சர் கார்டு வழியாக ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினிக்கு. அதில் ஹைப்பீரியன் என்ற இலவச மென்பொருள், படத்தின் ஓரங்களில் உள்ள நிறத்தைக் கணக்கிட்டு வைஃபையில் இஎஸ்பி 32 என்ற சிறு கட்டுப்பாட்டு போர்டுக்கு அனுப்பும். போர்டில் எல்இடிகளை இயக்கும் டபிள்யூஎல்இடி (WLED) மென்பொருளை ஏற்றிவிட்டால் எல்இடிகளை அது பார்த்துக்கொள்ளும். 4கே பெட்டி என்றால், டிவிக்கு 4கே-யும் கார்டுக்கு 1080பி-யும் தனித்தனியே தரும் ஸ்ப்ளிட்டராகப் பார்த்து வாங்குங்கள். இல்லாவிட்டால் கார்டுக்காக டிவியின் படமும் தரம் இறங்கிவிடும். நகல் பாதுகாப்பு உள்ள சில படங்கள் கார்டில் கறுப்பாகவே வரும் என்பதையும் மனதில் வையுங்கள்.

பட்டைக்கு, ஒவ்வோர் எல்இடியின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய டபிள்யூஎஸ் 2812பி, 5 வோல்ட், மீட்டருக்கு 60 எல்இடி வகை போதும். 55 அங்குலத் திரை சுமார் 122 செ.மீ. அகலம், 68 செ.மீ. உயரம். விளிம்பிலிருந்து 5 செ.மீ. உள்ளே தள்ளி மேல்பக்கத்திலும் இருபுறமும் ஒட்டினால் ஏறக்குறைய 2.35 மீட்டர், அதாவது 141 எல்இடி. டிவி மேசைமேல் இருந்தால் கீழ்ப்பக்கத்தை விட்டுவிடலாம். அங்கே வெளிச்சம் மேசையில் பட்டுக் கண்ணைத்தான் கூசும்.

முழு வெள்ளையில் ஓர் எல்இடிக்கு 60 மில்லி ஆம்பியர் என்று கணக்கு. 141-க்கு 8.5 ஆம்பியர். எனவே 5 வோல்ட், 10 ஆம்பியர் பவர் சப்ளை வாங்குங்கள். டிவியின் யுஎஸ்பி துளையிலிருந்து எடுக்கவே கூடாது. டபிள்யூஎல்இடி-யில் மின்னோட்ட வரம்பை 8000 மில்லி ஆம்பியர் என்று வைத்துவிடுங்கள்.

கேள்வி: பட்டையின் தொடக்கத்தில் வெள்ளையாகவும் கடைசியில் சிவப்பு கலந்தும் தெரிகிறதே?

பதில்: பட்டையின் செப்புத் தடம் மெல்லியது. போகப் போக மின்னழுத்தம் குறைகிறது. நீலத்துக்கும் பச்சைக்கும் ஏறக்குறைய 3 வோல்ட் வேண்டும். சிவப்புக்கு 2 போதும். அதனால் முதலில் மங்குவது நீலமும் பச்சையும். சப்ளையிலிருந்து தடிமனான இரண்டு வயர்களைத் தனியே இழுத்து, பட்டையின் கடைசி முனையிலும் பிளஸ், மைனஸ் கொடுங்கள். மெயின் மின்சாரத்தை அணைத்த பிறகே கை வையுங்கள்.

கேள்வி: எல்இடிகள் தாறுமாறாக மினுக்குகின்றன.

பதில்: பெரும்பாலும் கிரவுண்ட்தான். போர்டின் கிரவுண்டும் பட்டையின் மைனஸும் இணைந்திருக்க வேண்டும். அதுவும் சரி என்றால், எந்த நிறம் என்று பட்டைக்குச் சொல்லும் டேட்டா சிக்னலைச் சந்தேகிக்கலாம். போர்டு தருவது 3.3 வோல்ட், 5 வோல்ட்டில் ஓடும் பட்டை எதிர்பார்ப்பதோ குறைந்தது 3.5. சில பட்டைகள் சமாளிக்கும், சில சமாளிக்காது. நடுவில், சிக்னலை 5 வோல்ட்டுக்கு உயர்த்தும் 74ஏஎச்சிடி125 சிப் வைத்தால் தீரும். டேட்டா வயரைக் குட்டையாக வைத்து, பட்டையின் தொடக்கத்தில் 330 ஓம் ரெசிஸ்டர் போடுங்கள். பிளஸ், மைனஸுக்கு இடையே 1000 மைக்ரோஃபாரட் கெபாசிட்டரும் நல்லது. அதன் முனைகளை மாற்றிவிடாதீர்கள். சிவப்புக்குப் பச்சை எரிந்தால் அது பழுதல்ல, டபிள்யூஎல்இடி-யில் நிற வரிசையை ஜிஆர்பி (பச்சை, சிவப்பு, நீலம்) என்று மாற்றுங்கள். எதுவுமே எரியாவிட்டால் பட்டையில் அச்சிட்ட அம்புக்குறியைப் பாருங்கள். டேட்டா அந்தத் திசையில்தான் ஓடும்.

கேள்வி: வெளிச்சம் படத்துக்குப் பின்தங்கி மாறுகிறது.

பதில்: ஹைப்பீரியனில் ஸ்மூத்திங் நேரத்தை, அதாவது ஒரு நிறம் அடுத்ததாக மெல்ல மாற எடுக்கும் நேரத்தை, குறையுங்கள். கேப்சர் அளவையும் இறக்கலாம். ஓர நிறத்தைக் கணக்கிட 640×480 தாராளம். சினிமாவின் மேலும் கீழும் வரும் கறுப்புப் பட்டைகளால் விளக்கு அணைந்துபோனால், கறுப்புப் பட்டை கண்டறியும் வசதியை இயக்குங்கள்.

கேள்வி: எச்டிஆர் (வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் வீச்சில் காட்டும்) படங்களில் விளக்கின் நிறம் வெளிறிப்போகிறது. பட்டையை மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். எச்டிஆர் சிக்னலைச் சாதாரணப் படமாக எடுத்துக்கொண்டு படிப்பதால் வரும் வெளிறல் அது. பெட்டியின் அமைப்பில் எச்டிஆரை நிறுத்திப் பாருங்கள். நிறுத்த மனமில்லை என்றால், இதைத் திருத்தவே உருவான ஹைப்பர்எச்டிஆர் மென்பொருளை ஹைப்பீரியனுக்குப் பதிலாக ஏற்றுங்கள்.