மேஸ்திரியை வைத்து வீடு கட்ட உரிமம் வேண்டுமா?

கேள்வி: கோத்தகிரி அருகே அரவேணுவில் பழைய ஓட்டு வீட்டுடன் நான்கு சென்ட் நிலம் எங்களுக்கு உள்ளது. அதை இடித்துவிட்டு, தெரிந்த மேஸ்திரியைக் கொண்டு புது வீடு கட்ட எண்ணுகிறோம். ஒப்பந்ததாரர் உரிமம் இல்லாமல் கட்டினால் இடித்துவிடுவார்கள் என்று கூறும் ஒருவர், அதை வாங்கித்தர 20,000 ரூபாய் கேட்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்க வேண்டாம். தமிழ்நாட்டில் சொந்த நிலத்தில் குடியிருப்பதற்கு வீடு கட்டிக்கொள்ள அப்படியோர் உரிமம் தேவையில்லை; பொதுப்பணித் துறையில் வகுப்பு வாரியாகச் செய்யப்படும் பதிவு, அரசு வேலைகளுக்கு ஒப்பந்தப்புள்ளி அளிப்பவர்களுக்கானது.

இடிப்பு அபாயம் வேறு வழியில் வருகிறது. கட்டட அனுமதி பெறாமலோ, அனுமதித்த வரைபடத்தை மீறியோ கட்டினால், 1971ஆம் ஆண்டு நகர் ஊரமைப்புச் சட்டத்தின்படி வேலையை நிறுத்தவும், பூட்டி முத்திரையிடவும், இடிக்கவும் அதிகாரம் உண்டு. அந்த அறிவிப்பு மேஸ்திரியைத் தேடிப் போகாது, உங்கள் வாசலுக்கே வரும். நீலகிரியில் கட்டடம் 7 மீட்டர் உயரத்தைத் தாண்டக் கூடாது என்பதையும், ஜேசிபி வைத்து மண் வெட்ட மாவட்ட நிர்வாகத்தின் முன் அனுமதி வேண்டும் என்பதையும் மேஸ்திரிக்கு முதலிலேயே சொல்லிவிடுங்கள். சமவெளியில் வேலை பழகியவரென்றால் இரண்டு முறை சொல்லுங்கள்.

தரகர்கள் இதே மூச்சில் இன்னொரு யோசனையும் சொல்வார்கள்: "பழுதுபார்ப்பு என்று காட்டிவிடலாம்." அதே சட்டத்தில் பராமரிப்புக்கு விலக்கு இருப்பது உண்மைதான். உட்புறத்தை மட்டும் தொடும் வேலையும், வெளித்தோற்றத்தைக் குறிப்பிடத்தக்க அளவில் மாற்றாத வேலையும் அதில் அடங்கும். உடைந்த ஓடுகளை மாற்றலாம், பூச்சு பூசலாம், தரை போடலாம். ஒரு சுவரைப் பெயருக்கு நிறுத்திக்கொண்டு மற்ற மூன்றையும் இடித்து எழுப்புவதும், ஓடுகளை இறக்கிவிட்டுக் கான்கிரீட் போட்டு மாடிக்குக் கம்பி விடுவதும் பழுதுபார்ப்பு ஆகா. இந்தப் பொய்யில் தரகரின் கையெழுத்து எங்கும் இருக்காது, உங்களுடையதுதான் இருக்கும். நிலத்தை வந்து பார்க்காத பொறியாளரின் கையெழுத்தை விலைக்கு வாங்கித் தருவதும் இவர்கள் தொழிலே. அத்தகைய வரைபடங்களில் சரிவான மனை சமதளமாகிவிடுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

உங்கள் கிராமம் ஹாக்கா (மலைப்பகுதிப் பாதுகாப்பு ஆணையம்) பட்டியலில் இருந்தால் வனம், வேளாண் பொறியியல், கனிமவளம் என்று துறை துறையாகத் தடையின்மைச் சான்றுக்குக் கோப்பு அலையக்கூடும். இந்த அலைச்சல்தான் தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

உரிமத்தைவிட நீங்கள் கவலைப்பட வேண்டியது கூலியாட்களைப் பற்றித்தான். 2024 பிப்ரவரியில் உதகை அருகே லவ்டேலில் தடுப்புச்சுவர் வேலையின்போது மண் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்தனர். நாள்கூலிக்கு நீங்களே ஆள் வைத்தால் முதலாளி நீங்கள்தான். விபத்து நேர்ந்தால் இழப்பீட்டுக் கோரிக்கை உங்கள்மீது வரும், கவனக்குறைவால் மரணம் என்று வழக்கானால் ஐந்து ஆண்டு வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. ஆகவே ஆட்களின் பொறுப்பு யாருடையது என்பதை மேஸ்திரியுடன் எழுத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஆட்கள் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்தவர்களா என்று பாருங்கள். வேலை முடியும் வரை விபத்துக் காப்பீடு எடுங்கள். அடித்தளத்துக்கு மண் எடுக்கும் நாளில், வரைபடத்தில் கையெழுத்திட்ட பொறியாளர் நேரில் நிற்க வேண்டும் என்பதையும் அவருடன் கட்டணம் பேசும்போதே முடிவுசெய்துகொள்ளுங்கள்.