முதல் வாடிக்கையாளரை மகள் ஏற்கலாமா? யூஎக்ஸ் துறைக்குப் போக நினைக்கும் மாணவியின் தந்தைக்கு

காட்பாடியிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். பி.சி.ஏ. கடைசி ஆண்டில் இருக்கும் மகள் யூஎக்ஸ் டிசைன் பக்கம், அதாவது வெப்சைட்டும் செயலியும் பயன்படுத்துபவருக்கு எளிதாக இருக்கும்படி வடிவமைக்கும் வேலைக்கு, போக ஆசைப்படுகிறார். சான்றிதழ் வகுப்புக்கு ஒரு பயிற்சி நிலையம் பெரிய தொகை கேட்கிறது. இதற்கிடையே வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கம் லாட்ஜ் நடத்தும் தெரிந்தவர், அறை முன்பதிவுக்கு வெப்சைட் செய்து தரச் சொல்கிறார். பணத்தைக் கட்டுவதா, வேலையை எடுக்கச் சொல்வதா என்பது உங்கள் கவலை.

வேலையை எடுக்கட்டும். வகுப்புக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். வெப்சைட், செயலித் திரைகளை வரையக் கற்க ஃபிக்மா என்ற டிசைன் மென்பொருளின் இலவசக் கணக்கே போதும். ஆள் எடுப்பவர்கள் போர்ட்ஃபோலியோவைத்தான், அதாவது செய்த வேலைகளின் தொகுப்பைத்தான், துருவிப் பார்ப்பார்கள். நிஜமான ஒரு வாடிக்கையாளரிடம் மகள் என்ன கேட்டார், எதைச் சோதித்தார், எதை ஏன் கைவிட்டார் என்று காட்டும் ஒரு வேலை, கற்பனைச் செயலிக்கு வரைந்த இருபது திரைகளைவிட மதிப்புள்ளது. ஆனால் லாட்ஜ்காரர் சொன்னதை அப்படியே வரைந்து கொடுத்தால் அந்தப் பலன் கிடைக்காது. அதற்காகத்தான் லீன் யூஎக்ஸ் முறையைச் சொல்கிறோம்.

டொயோட்டா கார் தொழிற்சாலைகளில் வீண்செலவைக் குறைக்க எழுந்த சிந்தனை இது. தொழில்முனைவோரும் எழுத்தாளருமான எரிக் ரீஸ் அதைப் புதுத் தொழில்களுக்கும், ‘லீன் யூஎக்ஸ்’ நூலை எழுதிய ஜெஃப் காதெல்ஃபும் ஜாஷ் சைடனும் டிசைனுக்கும் கொண்டுவந்தார்கள். நம் ஊர்ப்பக்கம் இது புரியாத விஷயமும் இல்லை. ஆம்பூரில் சாம்பிள் ஷூ ஜோடியை பையர் ஒப்புக்கொண்ட பிறகுதானே ஆர்டர் முழுவதற்கும் தோல் வெட்டுகிறார்கள்? வாடிக்கையாளர் சொல்வதை ஊகமாக எடுத்துக்கொண்டு, அதைச் சின்னதாகச் செய்து சோதித்துவிட்டு, பிறகு பெரிதாகக் கட்டுவது. முறை இவ்வளவுதான்.

முதல் சந்திப்புக்கு இரண்டு மணி நேரம் வாங்கச் சொல்லுங்கள். முதலாளி மட்டும் போதாது. ரிசப்ஷனில் உட்கார்பவரும், போன் எடுப்பவரும் கட்டாயம் வேண்டும். ஆளுக்கொரு ஒட்டுச்சீட்டுக் கட்டு கொடுத்து, பத்து நிமிடம் யாரும் பேசாமல் எழுத வேண்டும்: யார் வருகிறார்கள், எதற்காக, எங்கே சிக்கல். பேசவிட்டால் முதலாளி சொல்வதற்கு மற்றவர்கள் தலையாட்டிவிடுவார்கள், அதனால்தான் மௌனம். “எல்லாரும் வீட்டிலிருந்தே ஆன்லைனில் பணம் கட்டி புக் செய்வார்கள்” என்று முதலாளி எழுதுவார். போன் எடுப்பவரின் சீட்டு வேறு மாதிரி இருக்கும்: சமையலறை உண்டா, வார வாடகை எவ்வளவு, ஆஸ்பத்திரிக்கு நடந்து போகலாமா, சி.எம்.சி.யின் டவுன் வளாகத்துக்கு அருகிலா ராணிப்பேட்டை வளாகத்துக்கு அருகிலா, இந்தி அல்லது வங்காளம் பேச ஆள் உண்டா. வங்கதேசத்திலிருந்து வருபவர்கள் வெளிநாட்டவர் என்பதால் அவர்கள் விவரத்தை லாட்ஜ் அரசிடம் பதிய வேண்டும், அதுவும் வந்த 24 மணி நேரத்துக்குள். முதலாளியின் விவரிப்பில் இது விட்டுப்போயிருக்கும், ரிசப்ஷன்காரர் முதல் சீட்டிலேயே எழுதுவார்.

பிறகு சுவரில் ஒரு கூட்டல் குறி போட்டு, சீட்டுகளை ஒட்ட வேண்டும். மேலே போகப் போக, தவறானால் நஷ்டம் பெரிது. வலப்பக்கம் போகப் போக, நமக்குத் தெரிந்தது குறைவு. வலது மேல் மூலையில் விழும் சீட்டைத்தான் முதலில் சோதிக்க வேண்டும். இங்கே அது ‘முன்பணம் கட்டுவார்கள்’ என்ற ஊகம். அதை இப்படி எழுதிக்கொள்ளட்டும்: “வார வாடகை, சமையல் வசதி, ஆஸ்பத்திரி தூரம் மூன்றையும் முதலிலேயே காட்டினால், சிகிச்சைக்கு வரும் குடும்பங்கள் அறையை முன்கூட்டியே பிடித்து வைப்பார்கள் என்று நம்புகிறோம். இரண்டு வாரத்தில் விசாரிக்கும் 40 பேரில் 10 பேராவது முன்பணம் அனுப்பினால் இது சரி.” எண்ணிக்கை லாட்ஜுக்கு ஏற்றபடி மாறலாம். ஆனால் சோதனைக்கு முன்பே எழுதி முதலாளியிடம் கையெழுத்து வாங்க வேண்டும். பின்னால் எழுதினால், வந்த எண்ணிக்கை எதுவானாலும் வெற்றி என்று சொல்லத் தோன்றும்.

அடுத்து, பக்கம் எப்படி இருக்கலாம் என்று வரைந்து பார்ப்பது. ஏ4 தாளை ஆறு கட்டமாக மடித்து, ஐந்து நிமிடத்தில் ஆறு விதமாக எல்லாரும் வரைய வேண்டும், முதலாளியும்தான். அழகு வேண்டாம், கட்டமும் கோடும் போதும். முதல் இரண்டு கட்டத்தில் எங்கோ பார்த்ததையே வரைவார்கள். சொந்த யோசனை அதன் பிறகுதான் வரும்.

சோதனைக்கு முழு வெப்சைட் தேவையில்லை. ஒரே பக்கம்: அறையின் நிஜப் படங்கள், வார வாடகை, சமையல் வசதி, ஆஸ்பத்திரிக்கு நடந்து போக எத்தனை நிமிடம், ஒரு வாட்ஸ்அப் பொத்தான். வெப்சைட்டிலேயே பணம் வாங்கும் பேமெண்ட் கேட்வே வேண்டாம். வாட்ஸ்அப்பில் வருபவருக்கு ரிசப்ஷன்காரரே பதில் சொல்லி, யூபிஐயில் முன்பணம் வாங்கி, வழக்கமான ரிஜிஸ்டரில் எழுதட்டும். இரண்டு வாரத்தில் உண்மை தெரிந்துவிடும்.

அந்தப் பக்கத்தை ஐந்து பேரிடம் காட்டிப் பார்க்க வேண்டும். 2000-ல் யூஎக்ஸ் ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் விளக்கிய கணக்கு இது: ஒருவரிடம் சோதித்தால் சராசரியாக 31 சதவீதச் சிக்கல் தெரியும், ஐந்து பேரில் சுமார் 85 சதவீதம் வெளிவந்துவிடும். ஐந்து பேரும் ஒரே வகை ஆட்களாக இருந்தால்தான் இந்தக் கணக்கு நிற்கும். வங்காளக் குடும்பங்களும் ஆந்திராவிலிருந்து வருபவர்களும் வேறு வேறு வகை என்றால் தனித்தனியே பார்க்க வேண்டும். மகளின் வகுப்புத் தோழிகள் கணக்கில் சேரமாட்டார்கள்.

ஆட்களை லாட்ஜிலேயே, மாலையில், அனுமதி கேட்டுச் சந்திக்கட்டும். ஆஸ்பத்திரிக் காத்திருப்பு இடத்துக்குப் போகவே கூடாது. நோயைப் பற்றிக் கேட்கக் கூடாது, முகத்தைப் படம் எடுக்கக் கூடாது. இதில் நாங்கள் கறாராகவே இருப்போம். வந்திருப்பவர்கள் மனக்கஷ்டத்தில் இருப்பவர்கள்.

அவரவர் போனிலேயே பக்கத்தைத் திறக்கச் சொல்ல வேண்டும். “இந்தப் பொத்தானை அழுத்துங்கள்” என்றால் சோதனை அங்கேயே கெட்டது. “மூன்று பேர், மூன்று வாரம், வெள்ளிக்கிழமை முதல் அறை வேண்டும். நினைப்பதைச் சொல்லிக்கொண்டே தேடுங்கள்” என்று சொல்லிவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். ஆளுக்கு இருபது நிமிடம் போதும். விரல் எங்கே தயங்குகிறது, எந்த வரியை இரண்டாம் முறை படிக்கிறார் என்பதை ஒருவர் எழுத வேண்டும். நீங்களே கூட உட்கார்ந்து எழுதலாம்.

இனி பணம். இந்த முறை முறிவது பெரும்பாலும் இங்கேதான். ‘எட்டுத் திரை, இவ்வளவு ரூபாய்’ என்று பேசிவிட்டால், சோதனையில் மூன்று திரை தேவையில்லை என்று தெரிந்தாலும் எட்டையும் வரைந்தாக வேண்டும். அதனால் இரண்டு வாரச் சுற்றாகப் பேசச் சொல்லுங்கள்: ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தொகை, தொடக்கத்தில் முன்பணம், சுற்று முடிவில் இருவரில் யார் வேண்டுமானாலும் நிறுத்தலாம். முடிவெடுக்கும் ஒரே ஆள் யார் என்பதையும், அவர் வாரம் ஒரு மணி நேரம் தருவார் என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். இல்லாவிட்டால் மைத்துனர், மேனேஜர், மகன் என்று மூன்று பக்கமிருந்தும் ராத்திரி பதினொரு மணிக்குத் திருத்தம் வரும். டொமைனும் (வெப்சைட் முகவரி) ஹோஸ்டிங்கும் (வெப்சைட்டை வைக்கும் சர்வர் இடம்) லாட்ஜ் பெயரிலேயே வாங்கப்பட வேண்டும். தெரிந்தவர் என்பதற்காக இலவசமாகச் செய்ய வேண்டாம். பணம் கொடுத்தவர்தான் நேரமும் கொடுப்பார்.

சோதனைப் பக்கம் நன்றாக ஓடினால் “இதுவே போதும்” என்று நிறுத்திவிடுபவர்கள் உண்டு. அது தவறில்லை. அதுவரையிலான சுற்றுக்குப் பணம் வந்துவிட்டதா என்று மட்டும் பாருங்கள். எதிர்பார்த்த எண்ணிக்கை வராமல் போனாலும் போர்ட்ஃபோலியோவில் அப்படியே எழுதலாம். பேமெண்ட் கேட்வேக்குச் செலவழிக்காமல் காப்பாற்றியதே ஒரு விளைவுதான். வாடிக்கையாளர் பெயரைப் போடும் முன் அவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மேற்படிப்பு பற்றியும் கேட்டிருந்தீர்கள். மூன்றாண்டுப் பட்டம் இருந்தாலே, டிசைன் முதுகலைப் படிப்பான எம்.டெஸ்.-க்கான நுழைவுத் தேர்வு ‘சீட்’ (CEED) எழுதலாம். பாம்பே ஐ.ஐ.டி. நடத்துகிறது, வழக்கமாக ஜனவரியில் தேர்வு, விண்ணப்பம் அதற்கு முந்தைய அக்டோபர் வாக்கில். வயது வரம்பு இல்லை என்பதால், ஓராண்டு வேலை பார்த்துவிட்டு எழுதினாலும் நஷ்டமில்லை.

லாட்ஜ்காரரிடம் முதலில் கேட்க வேண்டியது அந்த வாராந்திர ஒரு மணி நேரத்தைத்தான். “எனக்கெங்கே நேரம், நீயே பார்த்துச் செய்மா” என்று அவர் சொன்னால், மரியாதையாக மறுத்துவிடச் சொல்லுங்கள். ஆரணியில் பட்டுச்சேலை விற்பவர், குடியாத்தத்தில் லுங்கி மொத்த வியாபாரி, உங்கள் தெருவில் இருக்கும் ஸ்கேன் சென்டர் என்று நேரம் தரக்கூடிய வேறு ஒருவரைத் தேடலாம்.