மூச்சு தெரிகிற படங்கள்: ஓபராவும் இசையமைப்பாளர்களும் திரையில் – கேள்வி பதில்

மேற்கத்தியச் செவ்வியல் இசை பற்றிய படங்களைக் குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு என் பதில்கள் இவை. சில பதில்கள் நீண்டுவிட்டன. பிடித்ததைப் பற்றிப் பேசும்போது எனக்குச் சுருக்கமாகச் சொல்ல வராது.

கேள்வி: 'அமதேயுஸ்' படம் பார்த்தேன். மோட்சார்ட்டின் சாவுக்கு சாலியெரி காரணம் என்பது உண்மையா, ஐயா?

இல்லை. வியன்னா அரசவை இசையமைப்பாளரான சாலியெரி உயிரோடு இருந்தபோதே அந்த ஊரில் அந்த வதந்தி உலவியது. 1830இல் ரஷ்யக் கவிஞர் புஷ்கின் அதை ஒரு குறுநாடகமாக எழுதினார். 1979இல் பீட்டர் ஷாஃபர் தன் நாடகத்துக்கு அதையே கருவாக்கினார். அந்த நாடகத்தைத்தான் மிலோஷ் ஃபோர்மன் 1984இல் படமாக்கினார். எட்டு ஆஸ்கர் விருதுகள் கிடைத்தன. மோட்சார்ட் 1791 அக்டோபரில் மனைவிக்கு எழுதிய கடிதம் இருக்கிறது. 'மாயப் புல்லாங்குழல்' என்ற தன் ஓபராவுக்கு, அதாவது இசை நாடகத்துக்கு, சாலியெரியை அழைத்துப் போனதாகவும், ஒரு பாட்டு விடாமல் அவர் பாராட்டியதாகவும் அதில் மகிழ்ச்சியோடு எழுதுகிறார். பிற்காலத்தில் மோட்சார்ட்டின் இளைய மகன் இசை கற்றதும் சாலியெரியிடம்தான். இவரையா கொலைகாரர் என்பது?

ஆனாலும் அந்தப் படத்தை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். காரணம் கடைசிப் பகுதியில் வரும் ஒரே காட்சி. சாகக் கிடக்கும் மோட்சார்ட், இறந்தோருக்கான வழிபாட்டு இசையான 'ரெக்வியம்' ஒன்றைச் சொல்லச் சொல்ல, சாலியெரி எழுதுகிறார். முதலில் ஆண் குரல்கள். பிறகு அவற்றுக்குத் துணையாக ஊதுகருவிகள். அடுத்து ட்ரம்பெட்டும் முரசும். அதன்பின் வயலின்கள். ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கிறது. பிறகு எல்லாம் சேர்ந்து ஒலிக்கிறது. பேனா பின்தங்குகிறது, "கொஞ்சம் பொறுங்கள்" என்று சாலியெரி தவிக்கிறார். இசை தெரியாதவரும் ஒரு படைப்பு அடுக்கடுக்காக எழுவதைக் கண்ணால் பார்க்கிறார். நடந்ததோ வேறு. அந்த இசையை எழுதச் சொன்னவர் வால்செக் என்ற பிரபு; மோட்சார்ட் 35 வயதில் இறந்ததும் மிச்சத்தை எழுதி முடித்தவர் அவருடைய உதவியாளர் ஸுஸ்மாயர். சாலியெரி அந்தப் பக்கமே வரவில்லை.

கேள்வி: ஓபரா எனக்குப் பழக்கமே இல்லை. எந்தப் படத்தில் தொடங்கலாம்?

தயங்காமல் சொல்வேன்: இங்மார் பெர்க்மன் 1975இல் ஸ்வீடிஷ் தொலைக்காட்சிக்காக எடுத்த 'மாயப் புல்லாங்குழல்'. ஜெர்மன் ஓபராவை ஸ்வீடிஷ் மொழியில் பாடுகிறார்கள். தொடக்க இசை முழுவதும் மேடையைக் காட்டாமல், கேட்டுக்கொண்டிருக்கும் முகங்களையே காட்டுகிறார் பெர்க்மன். கிழவர்கள், இளைஞர்கள், பல நாட்டு முகங்கள். நடுநடுவே திரும்பத் திரும்ப ஒரு சிறுமியின் முகம். அவளுடைய உதட்டோரச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டே நாமும் அரங்கில் போய் உட்கார்ந்துவிடுகிறோம்.

அந்த அரங்குக்கு ஒரு கதை உண்டு. ஸ்டாக்ஹோம் அருகே ட்ராட்னிங்ஹோல்ம் அரண்மனையில் 1766இல் கட்டிய நாடக அரங்கு. கலைப்பித்துக் கொண்ட மன்னர் மூன்றாம் குஸ்தாவ் 1792இல் இறந்தபின் அதைக் கவனிப்பாரில்லை. 1921இல்தான் அதன் அருமை மீண்டும் தெரிந்தது. மரத்தால் செய்த பழைய மேடை எந்திரங்கள் அப்படியே இருந்தன. படப்பிடிப்பின் விளக்குகளையும் பளுவையும் அந்த மரக்கட்டடம் தாங்காது என்பதால், பெர்க்மன் மேடையை அச்சு அசலாகப் படப்பிடிப்புத் தளத்தில் கட்டிக்கொண்டார். இடைவேளையில் திரைக்குப் பின்னால் நடப்பதையும் காட்டுகிறார்: அரங்கில் எல்லாரையும் நடுங்க வைத்த இரவின் ராணி, புகைபிடிக்கக் கூடாது என்ற பலகையின் அடியில் நின்று புகைபிடிக்கிறாள்.

குழந்தைகளோடு உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: ஓபராப் படங்களில் நடிப்பவர்கள் உண்மையிலேயே பாடுகிறார்களா, அல்லது நம் படங்களைப் போலப் பின்னணிக் குரலா?

பெரும்பாலும் பின்னணிதான். 1953இல் வந்த இத்தாலியப் படமான 'ஐடா'வில் நடித்தவர் சோஃபியா லோரன். பாடியவர் ஓபராப் பாடகி ரெனாட்டா டெபால்டி. பின்னாளில் பாடகர்களே நடித்தார்கள், ஆனால் தாங்கள் முன்பே பதிவு செய்த குரலுக்கு உதடசைத்தார்கள். ஜெஃபிரெல்லியின் 'லா ட்ராவியாட்டா', ஆண்டலூசியாவின் வெயிலிலும் புழுதியிலும் ரோசி எடுத்த 'கார்மென்' ஆகியவை அப்படிப்பட்டவை. இரண்டிலும் பாடகர் பிளாசிடோ டொமிங்கோ இருக்கிறார், இரண்டும் கண்ணுக்கு விருந்து.

எனக்கு இவற்றில் ஒரு குறை உண்டு. ஒலிபெருக்கி இல்லாமல், ஒரு முழு இசைக்குழுவைத் தாண்டிக் கடைசி வரிசைவரை கேட்கப் பாட வேண்டிய கலை ஓபரா. உச்ச சுரத்துக்கு முன்னால் விலா எலும்புகள் விரிய வேண்டும், கழுத்து நரம்பு புடைக்க வேண்டும். உதடசைக்கும்போது உடம்பு இளைப்பாறிவிடுகிறது. இடி முழக்கம் போன்ற குரல் வருகிறது, நெஞ்சு அசையவே இல்லை! ஒருமுறை இதைக் கவனித்துவிட்டால் பிறகு கண் அங்கேயே போகும்.

இதற்கு நேர் எதிர், ஸ்ட்ராப்–ஹுயே தம்பதி 1968இல் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கின் இரண்டாம் மனைவி அன்னா மக்டலேனாவின் பார்வையில் எடுத்த கருப்பு வெள்ளைப் படம். பாக் வேடத்தில் நடிகர் யாரும் இல்லை. பியானோவுக்கு முந்தைய விசைக்கருவியான ஹார்ப்சிகார்டில் மேதை குஸ்தாவ் லியோன்ஹார்ட்டே தோன்றி வாசிக்கிறார். கேமரா முன் வாசித்ததையே அங்கேயே ஒலிப்பதிவு செய்தார்கள். தொடக்கத்தில் அவருடைய முதுகும் விசைப்பலகையில் பறக்கும் கைகளும் மட்டும் நெடுநேரம் தெரிகின்றன. மற்ற கருவிகள் சேரும்போதுதான் கேமரா பின்வாங்குகிறது. கதை எங்கே என்று கேட்டுச் சிலர் எழுந்து போய்விடுவார்கள். எனக்கு அந்தக் கைகளே கதை.

கேள்வி: உண்மையான இசையமைப்பாளர்கள் யாராவது படச்சுருளில் பதிவாகியிருக்கிறார்களா?

பீத்தோவன் 1827இல் இறந்தார். அவருக்குப் புகைப்படம்கூடக் கிடையாது. சினிமா பிறந்த பிறகும் வாழ்ந்தவர்கள் சிலர் கிடைக்கிறார்கள். பிரெஞ்சு இசையமைப்பாளர் சான்-சான்ஸை ஏறத்தாழ 80 வயதில், 1915இல், சாஷா கீத்ரி என்ற இயக்குநர் மௌனமாகப் படம்பிடித்தார். விரல்கள் பியானோவில் ஓடுகின்றன, ஓசை இல்லை. அதற்கு முன்பே 1908இல் ஒரு திரைப்படத்துக்கென்று தனியாக இசை எழுதியவர் அவர்.

ஒலியோடு கிடைப்பவற்றில் எனக்கு நெருக்கமானது ஆங்கில இசையமைப்பாளர் எல்கரின் படம். 1931 நவம்பரில் லண்டன் ஆபி ரோடு ஒலிப்பதிவுக் கூடம் திறந்த நாளில் எடுத்தது. 74 வயது, வெள்ளை மீசை. வாத்தியக்காரர்களுக்குக் காலை வணக்கம் சொல்கிறார். இங்கிலாந்தில் தெருவெல்லாம் பாடித் தேய்ந்த தன் அணிநடை மெட்டை, இதுவரை கேட்டதே இல்லை என்பதுபோல் வாசியுங்கள் என்று கேட்டுக்கொண்டு கோலை உயர்த்துகிறார். அந்த ஒரு சொல்லுக்காகவே அதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கேள்வி: மௌனப் படக் காலத்தில் ஓபராவைப் படமாக்கினார்கள் என்கிறார்களே, எப்படி?

1915இல் செசில் பி. டிமில் 'கார்மென்' எடுத்தார். நாயகி அமெரிக்காவின் புகழ்பெற்ற சொப்ரானோ (உச்சப் பெண்குரல் பாடகி) ஜெரால்டின் ஃபேரர். 1918இல் இத்தாலிய ஓபராப் பாடகர் கரூஸோகூட ஒரு மௌனப் படத்தில் நடித்தார். திரையரங்கிலேயே குழு அமர்ந்து இசைக்கும். 1926இல் 'ரோசன்கவலியர்' மௌனப் படம் ட்ரெஸ்டன் ஓபரா அரங்கில் வெளியானபோது, அந்த ஓபராவை எழுதிய ரிச்சர்ட் ஸ்ட்ராஸே நின்று இசைக்குழுவை நடத்தினார்.

கேள்வி: 'ஃபரினெல்லி' படத்தில் கேட்கும் குரல் யாருடையது?

யாருடையதும் இல்லை, இருவருடையது. குரல் உடையாதிருக்கச் சிறுவயதிலேயே விதையடிக்கப்பட்ட பாடகர்களில் 18ஆம் நூற்றாண்டின் மிகப் பெரியவர் ஃபரினெல்லி. அந்தக் கொடுமை ஒழிந்தது நல்லது. குரலும் அதோடு போயிற்று. 1994இல் வந்த படத்துக்காக டெரெக் லீ ரேகின் என்ற ஆண் பாடகரின் குரலையும் ஒரு போலந்து சொப்ரானோவின் குரலையும் பாரிசில் கணினியில் இழைத்து ஒன்றாக்கினார்கள்.

கேள்வி: கென் ரஸ்ஸலின் படங்கள் எனக்கு அருவருப்பாக இருந்தன. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

அந்த ஆங்கில இயக்குநரின் 'லிஸ்ட்டோமேனியா' பார்த்திருப்பீர்கள். அதை மறந்துவிட்டு, 1968இல் பிபிசிக்காக ஆங்கில இசையமைப்பாளர் டீலியஸைப் பற்றி அவர் எடுத்த படத்தைப் பாருங்கள். பார்வையும் போய், கைகால்களும் முடங்கிய டீலியஸ், பிரான்ஸில் ஒரு கிராமத்து வீட்டில் நாற்காலியில் இருக்கிறார். எரிக் ஃபென்பி என்ற இளைஞர் யார்க்‌ஷயரிலிருந்து வந்து, கிழவர் சொல்லச் சொல்ல எழுதித் தருகிறார். முதல் நாள் டீலியஸ் சுருதியே இல்லாமல் முனகுகிறார். பையனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. 'அமதேயுஸ்' காட்சி கற்பனை, இது உண்மையில் நடந்தது. ஃபென்பி எழுதிய நினைவுகளிலிருந்துதான் படமே பிறந்தது.

கேள்வி: ஒரே ஒரு காட்சியை மட்டும் பார்க்க நேரம் இருக்கிறது. எதைப் பார்ப்பது?

ஓபராப் பாடகி மரியா காலஸ், 'டோஸ்கா' ஓபராவின் இரண்டாம் அங்கம், லண்டன் கோவன்ட் கார்டன், 1964 பிப்ரவரி. டோஸ்காவை மிரட்டும் கொடிய காவல் தலைவன் ஸ்கார்பியாவாக டிட்டோ கோபி. தொலைக்காட்சிக்காக மேடையிலேயே பாடியது. ஒரு அங்கம்தான் பதிவாயிற்று. குரல் அப்போது தேய்ந்திருந்தது, உச்சத்தில் நடுங்குகிறது. மறைப்பதற்கு இடமில்லை, அவரும் மறைக்கவில்லை. 'கலைக்காகவே வாழ்ந்தேன்' என்று தொடங்கும் பாட்டில் ஒவ்வொரு வரிக்கு முன்னும் மூச்சு உள்ளே போவதைப் பார்க்கலாம். சற்று நேரத்தில் மது எடுக்க மேசைக்கு வருகிறார். அங்கே கத்தி கிடக்கிறது.

முதலில் ஒலியை அணைத்துவிட்டு ஒருமுறை பாருங்கள். பிறகு ஒலியோடு.