துருவ ஒளி: எந்த உயரத்தில் என்ன நடக்கிறது?

கேள்வி: பச்சை கீழேயும் சிவப்பு மேலேயும் தெரிவது ஏன்? (மல்லேஸ்வரம் வாசகர்)

பதில்: இரண்டையும் உமிழ்வது ஆக்சிஜன் அணுதான். மேலிருந்து பாய்ந்துவரும் எலக்ட்ரான்கள் மோதி ஆற்றல் பெற்ற, அதாவது கிளர்ச்சியுற்ற, அணு பச்சையை ஒரு விநாடிக்குள் உமிழ்ந்துவிடும். சிவப்புக்கோ ஏறத்தாழ இரண்டு நிமிடம் வேண்டும். 100 கிலோமீட்டர் உயரத்தில் காற்று அடர்த்தியாக இருப்பதால், அதற்குள் அக்கம்பக்கத்து மூலக்கூறுகள் மோதி ஆற்றலைப் பறித்துக்கொள்கின்றன. 200 கிலோமீட்டருக்கு மேலேதான் அணுவுக்கு அந்த அவகாசம் கிடைக்கிறது. நிறத்தைக் கண்டதும் வாயுவின் பெயரோடு நிறுத்திவிடாதீர்கள், உயரத்தையும் கேளுங்கள்.

கேள்வி: துருவ ஒளி தரையைத் தொடுமா? (அல்சூர்)

பதில்: தொடாது. 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் ஆற்றலுடன் வரும் எலக்ட்ரான்கூட 100 கிலோமீட்டரை நெருங்கும்போதே நின்றுவிடும்.

கேள்வி: அந்த எலக்ட்ரான்கள் சூரியனிலிருந்து நேராக வந்து விழுகின்றனவா? (இந்திராநகர்)

பதில்: இல்லை. பளிச்சென்ற வளைவுகளை உண்டாக்கும் எலக்ட்ரான்கள் பெரும்பாலும் 5,000 முதல் 10,000 கிலோமீட்டர் உயரத்தில், பிளாஸ்மா (மின்னூட்டமுள்ள துகள்களாலான வாயு) மிக மெலிந்திருக்கும் பகுதியில், காந்தப்புலக் கோடுகளை ஒட்டிய மின்னழுத்த வேறுபாட்டால் முடுக்கப்படுகின்றன.

கேள்வி: 2024 மே மாதச் சூரியக் காந்தப் புயலின்போது எங்கள் மொட்டைமாடியில் எடுத்த படம் இது. வானம் சிவந்திருப்பது துருவ ஒளிதானே? (வைட்ஃபீல்ட்)

பதில்: நேரம் இல்லை, திசை இல்லை, அடிவானத்திலிருந்து எத்தனை பாகை என்ற குறிப்பும் இல்லை. இம்மூன்றும் இல்லாமல் படம் அனுப்பாதீர்கள் என்று இப்பகுதியில் பலமுறை எழுதியாயிற்று. உங்கள் படத்தில் சிவப்பு, மேகத்தின் அடிப்பக்கத்தில்தான் அடர்ந்திருக்கிறது. அது ஊர் விளக்குகளின் வெளிச்சம். அந்தப் புயலில் லடாக்கின் ஹான்லேயில் சிவப்பு ஒளி பதிவானது உண்மை. ஆனால் கணக்கைப் பாருங்கள். 400 கிலோமீட்டர் உயரத்து ஒளி சுமார் 2,200 கிலோமீட்டர் தொலைவு வரை, அதாவது 20 பாகை அட்சரேகை தள்ளியும் தெரியும். 100 கிலோமீட்டர் உயரத்துப் பச்சை அதில் பாதித் தொலைவுக்குத்தான் எட்டும். அதனால்தான் 33 பாகையிலுள்ள ஹான்லேக்குச் சிவப்பு மட்டும், அதுவும் வடக்கு அடிவானத்தை ஒட்டி, கிடைத்தது. 13 பாகையிலுள்ள பெங்களூருக்கு அது தெரிய வேண்டுமானால், ஒளி ஹான்லேக்குத் தலைக்கு மேலேயே நின்றிருக்க வேண்டும்.

கேள்வி: இந்த உயரங்களை முதலில் அளந்தது எப்படி? (ஜெயநகர்)

பதில்: 1910 வாக்கில் நார்வேயின் கார்ல் ஸ்டோர்மர், தொலைபேசியால் இணைத்த இரு நிலையங்களிலிருந்து ஒரே கணத்தில் படமெடுத்து, பின்னணி விண்மீன்களுக்கு எதிரே ஒளி எவ்வளவு விலகித் தெரிகிறது என்பதைக் கொண்டு கணக்கிட்டார்.